உதயரூபன் ஸ்கான் செய்த புத்தகங்கள்

மட்டக்களப்பில் மழைக்காலத்தில் புத்தகக் கடை நடத்துவது சிரமமான காரியம். கடதாசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி பிறந்தால் நான் அலுமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பேன். கீழ்த் தட்டில் எழுதும் கொப்பிகளையும் மேல் தட்டுகளில் புத்தகங்களையும் அடுக்குவேன். கொப்பி நனைந்தால் வேறு கொப்பி வரும். புத்தகம் அப்படியில்லை. முப்பத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்து வருகிறேன். விசாரணைக்கு வந்து நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தப் பின்னறையில் பூஞ்சண மணம் கொஞ்சமும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

என் பெயர் கனகசிங்கம். சொந்த ஊர் கிரான். அப்பா, அண்ணன்மார் எல்லாரும் வயல்காரர்கள். நான் மட்டும் எழுத்துப் பக்கம் வந்துவிட்டேன். பாடசாலைப் புத்தகமும் கொப்பியும் விற்றுச் சாப்பிட்டேன். கதையும் கவிதையும் விற்றுச் சந்தோஷப்பட்டேன். பதினைந்து புத்தகங்களை நானே வெளியிட்டிருக்கிறேன். எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள் எழுதியவை. காத்தான்குடியில் சரீப்பின் அச்சகத்தில்தான் அடிப்பது வழக்கம். புத்தகத்தின் மேல் அன்பில்லாதவன் என்று என்னை யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன். நடந்ததெல்லாம் அந்த அன்பினால் நடந்ததுதான்.

உதயரூபனை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். கடல் ஊருக்குள் வந்தபோது தெரியும்.

என் வெளியீடுகளின் விற்காத பிரதிகளைக் கல்லடியில், டச்பார் பக்கமாக வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் வைத்திருந்தேன். இரண்டாயிரத்து நான்கு, நத்தாருக்கு மறுநாள். நான்காம் நாள்தான் அங்கே போக முடிந்தது. கதவு இல்லை. புத்தகங்கள் சேற்றோடு ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. நான் அழவில்லை. அடுத்த வளவில் இறந்த ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நின்று புத்தகத்துக்காக அழ எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, எடுக்கக்கூடியவற்றை எடுத்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். மெலிந்த ஒருவர் வந்து சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, கேட்காமலே பக்கத்தில் குந்தினார். நாவலடியில் இருந்த ஆசிரியர் என்றார். பெயர் உதயரூபன். எட்டு வயது மகள் கடலோடு போய்விட்டாள். தேட வேண்டிய இடமெல்லாம் தேடி முடித்துவிட்டோம், இனி வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, அதனால் வந்தேன் என்றார். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, ஒட்டிப்போன பக்கங்களுக்கிடையில் மெதுவாக விட்டுக் கிழியாமல் பிரிக்க எனக்குக் காட்டித் தந்தார். மூன்று நாள் என்னோடு இருந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரம், என் வெளியீடுகளில் வாசிக்கக்கூடிய நிலையில் உள்ளவற்றில் ஒவ்வொரு பிரதி தரச் சொல்லிக் கேட்டார். பதினான்கு தேறின. 'எங்கள் வாவி மீன்கள்' என்ற பதினைந்தாவது புத்தகம் மட்டும் ஒன்றும் தேறவில்லை. அதில் கடையின் அலுமாரியில் இருந்த ஒரே பிரதிதான் மிச்சம். கொண்டுபோங்கள், இனி இது குப்பைதானே என்று நானே சொன்னேன். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் நான் கொடுத்தது குப்பையை. உரிமையை அல்ல. இந்த வித்தியாசத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் கடைக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. கொப்பி போகும், கதைப் புத்தகம் போகாது. யுத்தம் என்று நீங்கள் சொல்வீர்கள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து கூடாரங்களில் இருந்தது எனக்கும் தெரியும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்ததும் தெரியும். ஆனால் யுத்தம் இருபத்தைந்து வருடமாக நடந்தது. அந்த இருபத்தைந்து வருடமும் சனம் வாசித்தது. ஊரடங்கு போட்டால் இன்னும் கூடுதலாக வாசித்தது. ஆகவே காரணம் யுத்தமாக இருக்க முடியாது, புதிதாக ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். இந்த யோசனையில் பிழை இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

கவனிக்கத் தொடங்கினேன். புத்தகத்தை எடுப்பவர்களின் கையைக் கவனித்தேன். கல்லூரிப் பெண்ணொருத்தி ஒரு நாவலை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தை நேராகத் திறந்து, நாலு வரி வாசித்துச் சிரித்துவிட்டு வைத்தாள். முன்பே வாசித்தவள்தான் அப்படித் திறப்பாள். அது கடலோடு போன புத்தகங்களில் ஒன்று. என்னிடம் மிஞ்சியிருந்த இரண்டு பிரதிகளும் அன்று அலுமாரியில்தான் இருந்தன. அப்படியானால் எங்கே வாசித்தாள்? யாரிடமிருந்து? அன்றிலிருந்து சிரிக்கிற ஒவ்வொருவரிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டாயிரத்து எட்டு நடுவில் ஓட்டமாவடியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பெயர் கைறுன்னிஸா. இரண்டு சோதனைச் சாவடி தாண்டி, பஸ்ஸில் வந்து களைத்திருந்தார். என் வெளியீடுகளில் மூன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஒன்றுதான் இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"தம்பிட கொம்பியூட்டர்ல முழுக்கப் பாத்திட்டன் ஐயா," என்றார். "கண்ணுக்குள்ள எரியிது. படுத்துக்கிட்டு வாசிக்க ஏலா. புள்ளையளுக்குக் காட்டவும் ஏலா. அதான் புத்தகமாவே வாங்குவம் எண்டு வந்தன்."

கொம்பியூட்டருக்குள் அது எப்படி வந்தது என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"தன்னாமுனையில ஒரு மாஸ்டர் சீடியில போட்டுக் குடுக்கிறார். சும்மாதான் குடுக்கிறார், நல்ல மனிசன். உங்கட கடையையும் அவர்தான் சொன்னார்."

நீங்கள் இப்போது புருவத்தை உயர்த்துகிறீர்கள். கணினியில் வாசித்தவர் அச்சுப் புத்தகத்தைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்கிறீர்கள். அன்று எனக்கு அது அப்படிப் படவில்லை. வந்தவர் ஒருவர். வராமலே கணினியில் வாசித்து முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்றுதான் யோசித்தேன். வந்தவரை எண்ணலாம். வராதவரை யார் எண்ணுவது? அந்த எண்ணிக்கை எனக்குள் பெருகிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னாமுனைக்குப் போனேன். கடல் வந்த பிறகு கட்டிக் கொடுத்த சிறிய வீடுகளில் ஒன்று, வாவியைப் பார்த்தபடி இருந்தது. உதயரூபன் என்னைக் கண்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அவருடைய மனைவி வதனி பால் தேத்தண்ணீர் தந்தார். முன்னறையில் மேசை, அதில் ஒரு கொம்பியூட்டர், பக்கத்தில் ஸ்கானர். நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டு நிறுவனமொன்று ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். சுவரோரமாகப் புத்தகங்கள், பழைய பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் வீடு வீடாகப் போய் வாங்கிவந்தவையும் இருந்தன.

என் பதினான்கு புத்தகங்களையும் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். உப்புக் கறையைக்கூட அழித்துத் துப்புரவாக்கியிருந்தார். என் புத்தகங்கள் அவ்வளவு வெள்ளையாக இருந்ததை நான் அச்சிட்ட அன்றுகூடப் பார்க்கவில்லை.

"எல்லாத்திலயும் ஒரு பிரதி கனடாவில இருக்கிற கூட்டாளிக்கு அனுப்பிப்போட்டன் அண்ணன்," என்றார். "இனிக் கடல் வந்தாலும் ஒண்டும் செய்யேலா."

இதனால் என் கடை படுத்துவிட்டது என்று சொன்னேன். கோபப்படாமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது.

"இல்ல அண்ணன். இதப் பாத்த ஆக்கள்தான் உங்களத் தேடி வருவாங்க. பாக்காத புத்தகத்த ஆரு கேப்பா? ரோட்டு நல்லாத் திறக்கட்டும். நீங்க திரும்ப அடிக்கலாம், நான் அதுக்கு ஏத்த மாதிரித்தான் எல்லாத்தையும் செய்து வச்சிரிக்கன்."

பிறகு 'எங்கள் வாவி மீன்கள்' புத்தகத்தைக் கேட்டார். இரண்டு நாள் தந்தால் போதும் என்றார். மீன்பிடிப் பரிசோதகராக இருந்த ஒருவர் எழுதியது அது. வாவியில் உள்ள மீன்களின் பெயர், குணம், எந்த மாதத்தில் எந்தத் துறையில் படும் என்பதெல்லாம் அதில் இருந்தது. உலகத்திலேயே என்னிடம் மட்டும் இருந்த புத்தகம். தருவதாகச் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவரைக் கவனித்தேன். தன்னாமுனை வழியாகப் போகிற வேலைகளை உண்டாக்கிக்கொண்டேன். யார் அந்த வீட்டுக்கு வருகிறார்கள், யார் பையோடு போகிறார்கள் என்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமைகளில் வதனி செங்கலடிச் சந்தைக்குப் போவார் என்பது இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. பாடசாலை முடிந்து வந்தால் உதயரூபன் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஒரு மனிதர் என் வாழ்நாள் வேலையைக் கரைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

இராணுவ முகாமிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்து, வெளிநாட்டுக்கு யார் என்ன அனுப்புகிறார்கள் என்று விசாரித்தார்கள், அவர்கள் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன் என்று போன முறை உங்களிடம் சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இரண்டு பேர் கடைக்கு வந்தது உண்மை. முகாமோடு சேர்ந்து வேலை செய்த, வேறொரு மாவட்டத்துத் தமிழ்ப் பொடியன்கள். அப்பியாசக் கொப்பி வாங்கத்தான் வந்தார்கள். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். என்னிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் வாசல்வரை அவர்களுக்குப் பின்னால் போனேன்.

நான் சொன்னது இவ்வளவுதான்: தன்னாமுனையில் ஒரு மாஸ்டர் இருக்கிறார், பழைய பத்திரிகை, புத்தகம் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்புகிறார்.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தக் குவியலில் இயக்கக்காரர்கள் முந்தி வெளியிட்ட சஞ்சிகைகள் இரண்டு கிடந்ததை நான் கண்ணால் கண்டிருந்தேன். அதையும் சொன்னேன். முன்னூறுக்கு மேற்பட்ட புத்தகங்களுக்குள் இரண்டு என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கொம்பியூட்டரைப் பறித்துக்கொண்டு, அவரை மிரட்டி விடுவார்கள் என்று நினைத்தேன் என்றும் உங்களிடம் சொன்னேன். அதையும் திருத்துகிறேன். நான் ஒன்றும் நினைக்காமல் இருந்தேன் என்பதுதான் சரி. அந்த நாட்களில் அவர்கள் கூட்டிக்கொண்டு போன ஆட்கள் திரும்பி வருவதில்லை என்பதை அறிய இந்த ஊரில் யாருக்கும் தனிப் படிப்புத் தேவையில்லை. என் தெருவிலேயே அப்படி ஆள் போன இரண்டு வீடுகள் இருந்தன. காலையில் கடை திறக்கப் போகும்போது அந்த இரண்டு வீட்டுக்காரிகளையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் போவேன்.

அந்த இரண்டு பொடியன்களும் திரும்பக் கடைக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தில். வீட்டைக் காட்டினால் போதும் என்றார்கள். ஆனால் தெரியாத குரலுக்கு யாரும் கதவு திறக்காத காலம் அது. பின்பக்கம் வாவி. தோணி ஏறிவிட்டால் பிடிக்க முடியாது. கூச்சல் வந்தால் அயலில் உள்ளவர்கள் கூடுவார்கள். இதையெல்லாம் நான்தான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்வது என் பழக்கம். என் குரலுக்கு அவர் வெளியே வருவார் என்று சொன்னேன். கையில் அந்த மீன் புத்தகம் இருந்தால் றோட்டுவரைக்கும் வருவார் என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. வேன் சந்தியில் நின்றது. நான் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக் கேட்டடியில் நின்று கூப்பிட்டேன். ஜன்னல் சீலை அசைந்தது, பிறகு கதவு திறந்தது.

"அண்ணன், நீங்களா? இந்த மழைக்குள்ள ஏன் வந்தீங்க?"

"புத்தகத்தக் கொண்டந்திருக்கன் தம்பி."

அவர் சாரனில் கையைத் துடைத்தார். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் துடைத்தார். இரண்டு கையாலும் வாங்கினார். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"ஒரு பக்கமும் மடியாமத் திருப்பித் தருவன் அண்ணன்."

கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், இந்த வேலைக்கு உதவி செய்ய விருப்பமாம், சந்தியில் வாகனத்தில் இருக்கிறார், ஐந்து நிமிடம் வந்து கதைத்துவிட்டுப் போகலாம் என்றேன். அவர் தயங்கவில்லை. என்னோடு வருவதற்கு அவருக்குத் தயங்கக் காரணம் இல்லை.

"கொம்பியூட்டர நிப்பாட்டிட்டு வரட்டா?"

"தேவையில்ல. உடனே திரும்பிரலாம்," என்றேன்.

புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே குடையில் நடந்தோம். மகள் இருந்தால் இந்த வருடம் பன்னிரண்டு வயது, வாவி மீன் எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டு உயிரை வாங்கியிருப்பாள் என்றார். நான் ஓம் என்றேன். சந்திக்கு வந்ததும் வேன் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஓடவில்லை. சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அது நனைந்துவிடக் கூடாது என்றுதான் நீட்டினார் என நினைக்கிறேன். நான் கையை நீட்டுவதற்குள் அவரை உள்ளே இழுத்துவிட்டார்கள். புத்தகமும் அவரோடு போனது. பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரையும் ஸ்கானரையும் எடுத்துப் போனார்கள். அதற்கு நான் நிற்கவில்லை. மழை கூடிவிட்டது.

எட்டாம் நாள் அந்த இரண்டு பேரில் ஒருவர் கடைக்கு வந்தார். சொப்பிங் பையில் சுற்றிய புத்தகத்தை மேசையில் வைத்தார். உங்கள் கடைச் சீல் அடித்திருக்கிறது என்றார். அவருக்கு இனி இது தேவைப்படாது என்றும் சொன்னார். நான் நன்றி சொல்லி வாங்கி, பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கமும் மடியவில்லை.

வதனி என்னிடம்தான் உதவிக்கு வந்தார். அவருக்கு வேறு யாரையும் தெரியாது. நான் அவரைத் திருப்பி அனுப்பவில்லை என்பதை நீங்கள் பதிய வேண்டும். பொலிசுக்கு, அரச அதிபருக்கு, வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு என்று எல்லா மனுக்களையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் தமிழ் நல்ல தமிழ். 'இனந்தெரியாத நபர்களால் கடத்திச் செல்லப்பட்ட எனது கணவர்' என்று தொடங்கும். எழுதி வாசித்துக் காட்டுவேன். அவர் அழுதுகொண்டு கேட்பார், பிறகு கையெழுத்து வைப்பார். இன்று உங்கள் கோவையில் இருக்கிற மனுக்களில் முக்கால்வாசி என் கைப்பட எழுதியதாகத்தான் இருக்கும். பார்த்தால் தெரியும்.

நான் எதிர்பார்த்த மாதிரிப் புத்தகம் விற்கத் தொடங்கவில்லை. சீடி கொடுக்க ஆளில்லை, இருந்தும் கடைக்கு ஒருவரும் கூடுதலாக வரவில்லை. கைறுன்னிஸா மாதிரி வந்த ஒன்றிரண்டு பேரும் நின்றுபோனார்கள். வைகாசியில் யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. அடுத்த வருடம் ஆடி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் பட்டியலோடு வந்தார்கள். என் வெளியீடுகளின் பெயர்கள். கனடாவில் இருந்த அந்தக் கூட்டாளி எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போட்டிருந்தார். வாசித்தவர்கள் புத்தகமாக வேண்டும் என்றார்கள், ஊரில் அச்சடித்ததாக வேண்டும் என்றார்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

இதை வதனியிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் அவர் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்ததாம், வந்தவர்கள் கண்ணில் அது படவில்லை. உள்ளே பதினான்கு சீடிகள். ஒவ்வொன்றிலும் புத்தகத்தின் பெயர், அதன் கீழே 'கனகசிங்கம் அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது.

"அச்சுக்கு ஏத்த மாதிரி எண்டு சொல்லிச் சொல்லித்தான் செய்தவர்," என்றார் வதனி. "நீங்க அடிக்கத் தொடங்கினாத்தான் அவர் வரக்குள்ள சந்தோசப்படுவார்."

அடித்தேன். ஒன்றன்பின் ஒன்றாக அடித்தேன். சரீப் ஆச்சரியப்பட்டார். என் வாழ்நாளில் நான் இவ்வளவு புத்தகம் விற்றதில்லை. கணினியில் வாசித்தவர் அச்சுப் புத்தகத்தை வாங்குவார் என்று உதயரூபன் சொன்னது சரி. நான் கணக்குப் பார்த்தது பிழை. யாவாரத்தில் எல்லாரும் எங்கேயாவது பிழை விடுவார்கள், அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. வதனிக்குப் பிழைதிருத்தும் வேலை கொடுத்தேன். நீங்கள் இருக்கிற கதிரையில்தான் இருந்து பார்ப்பார். கூர்மையான கண். காற்புள்ளி ஒன்று தவறினாலும் விடமாட்டார். பக்கத்து மேசையில் நான் இருப்பேன். மத்தியானத்தில் என் சோற்றில் பாதியை அவருக்குக் கொடுத்த நாட்கள் பல.

கடைசியாக 'எங்கள் வாவி மீன்கள்'. அதற்குச் சீடி இல்லை. என்னிடமிருந்த பிரதியை வைத்துச் சரீப் புதிதாக எழுத்துக் கோத்தார். இந்த ஆவணியில் வெளிவந்தது. முன்னுரையை நான் எழுதினேன். அவசரத்தில் அதை வதனியிடம் காட்டாமல் நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னேன். எல்லாவற்றுக்கும் மேலாக உதயரூபனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயரையே விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. 'இந்நூல்கள் அழியாதிருக்க உழைத்த அமரர் உதயரூபன் ஆசிரியர்' என்று எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

புத்தகக் கட்டுகள் வந்த அன்று வதனி ஒன்றை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்து வாசித்தார். நெடுநேரம் ஒரே பக்கத்தில் இருந்தார். பிறகு எழுந்து என் மேசைக்கு வந்தார். நெற்றியில் வழக்கம்போலக் குங்குமம் இருந்தது.

"அண்ணன், இதில அமரர் எண்டு கிடக்கு."

நான் கட்டுகளோடு வந்த பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன்.

"ரெண்டரை வருசமா மனு எழுதித் தந்தீங்க. ஒண்டிலயும் அப்படி எழுதல்ல. கண்டுபிடிச்சுத் தாங்க எண்டுதான் எழுதினீங்க. மறுகா இத எழுதக்குள்ள மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றேன்.

"ஊர் நினைக்கும். ஊர் எழுதல்ல. நீங்கதானே எழுதினீங்க."

குரலை உயர்த்தவில்லை. அந்தப் பிரதியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அது இப்போது உங்கள் கோவையில் இருப்பதாகச் சொன்னீர்கள்.

உதயரூபன் எங்கே என்று மூன்றாவது தரமும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். அவரைப் பற்றி முகாமுக்குச் சொன்னவன் நான். கேட்டடியில் நின்று கூப்பிட்டவன் நான். என் குடைக்குள் வேன்வரை கூட்டிப்போனவனும் நான்தான். ஏழு நாளோ எட்டு நாளோ, அதற்குள் அவர் முடிந்துவிட்டார் என்பதை அறிந்துகொண்டு அவருடைய மனைவிக்கு மனு எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

வதனி இப்போது வேலைக்கு வருவதில்லை. வழியில் கண்டாலும் பேசுவதில்லை. கொஞ்ச நாள் போகட்டும். அந்தச் சொல் கணினியில் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் அழித்திருக்கலாம், அச்சில் அது முடியாது. நல்லவேளையாகப் பிரதிகள் பெரும்பாலும் விற்றுவிட்டன. அடுத்த பதிப்பில் அமரர் என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிடும்படி சரீப்பிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிழையைத் திருத்திவிட்டால் வதனிப் பிள்ளை திரும்பி வேலைக்கு வந்துவிடும்.